மூடியில்லாத கேனோவில் பாறை ஆறு: தண்ணீரை விட மெதுவாகப் போகப் பழகுங்கள்

மதுரை செல்லூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கொச்சியில் கேனோ எனும் துடுப்புப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார்: பதினைந்து அடி நீளம், இரண்டு பேருக்கானது, மேலே மூடி கிடையாது. அவரும் அவர் மச்சானும் எட்டு மாதமாகக் கண்மாயிலும் ஆலப்புழைக் காயலிலும் துடுப்புப் போட்டுப் பழகியிருக்கிறார்கள். ஜூலையில் கோழிக்கோட்டுப் பக்கம் பாறை ஆறுகளில், அதாவது பாறைகளுக்கு நடுவே வேகமாக ஓடும் ஆறுகளில், இறங்க ஆசை. அவர் கேட்பது இரண்டு. அலை அடிக்கும் இடத்தில் படகுக்குள் தண்ணீர் ஏறாமல் எப்படிப் போவது? அதற்கு முன்னால், வைகையில் தண்ணீர் திறந்துவிடும்போது தடுப்பணை மேலாகப் படகை விட்டுப் பழகிக்கொள்ளலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. ஒருமுறைகூடக் கூடாது. தடுப்பணை பார்க்கச் சின்னதாக இருக்கும். நாலடி உயரத்திலிருந்து தண்ணீர் வழுக்கி இறங்கும், கீழே வெள்ளையாக நுரை தள்ளும், அவ்வளவுதான் என்று தோன்றும். உள்ளே நடப்பது வேறு. விழுந்த தண்ணீர் நேராகத் தரைக்குப் போய் அடியோடு முன்னே ஓடுகிறது. அது விட்டுப்போன இடத்தை நிரப்ப, மேற்பரப்புத் தண்ணீர் அணைச் சுவரை நோக்கித் திரும்பி வருகிறது. அதில் மாட்டிய ஆள் மேலே வருவார், சுவர்ப் பக்கம் இழுபடுவார், விழும் தண்ணீர் அவரை மறுபடி கீழே அமுக்கும், திரும்ப மேலே வருவார். இது நிற்காமல் நடக்கும். நுரையில் பாதி காற்று என்பதால் உடம்பு சரியாக மிதக்காது, துடுப்புக்கும் பிடிமானம் கிடைக்காது.

இயற்கையான பாறைப் படிக்கட்டில் பெரும்பாலும் எங்காவது ஓர் உடைப்பு இருக்கும், அந்த வழியாக ஆறே நம்மை வெளியே தள்ளிவிடும். தடுப்பணையைக் கொத்தனார் மட்டம் பார்த்துக் கட்டியிருக்கிறார். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரே சீராக விழுகிறது, இரண்டு ஓரத்திலும் சுவர். வெளியேற இடமே இல்லை. மேலிருந்து வரும்போது அது கண்ணுக்கும் தெரியாது, ஆறு ஒரு கோட்டில் முடிந்துபோன மாதிரிதான் இருக்கும். பேரணை, சிற்றணை, விரகனூர் மதகணை, நகருக்குள் இருக்கும் தடுப்பணைகள், கண்மாய்க் கலுங்கு, வெள்ளத்தில் முங்கிய தரைப்பாலம் எல்லாம் இதே கணக்குதான். தரைப்பாலத்தில் கூடுதலாக இன்னொரு ஆபத்து: அடியிலிருக்கும் குழாய்க் கண்களுக்குள் தண்ணீர் ஆளை இழுத்துவிடும்.

வைகையில் பயப்பட வேண்டிய இன்னொன்று சீமைக்கருவேலம். ஆற்றுக்குள்ளேயே முளைத்து நிற்கும் முள்மரத்தின் ஊடாகத் தண்ணீர் போய்விடும், ஆள் போக முடியாது. சல்லடையில் மாட்டிய தேயிலை போல அங்கேயே ஒட்டிக்கொள்வார். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் நம்மை அமுக்கும் விசை நான்கு மடங்காகும், எவ்வளவு பலசாலியானாலும் பிய்த்துக்கொண்டு வர முடியாது. வைகை அணை நீர்மட்டம் 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்று சொல்லி ஆற்றில் இறங்காதீர்கள் என்கிறார்களே, அது துணி துவைப்பவர்களுக்கும் மாடு மேய்ப்பவர்களுக்கும் மட்டும் சொல்வதில்லை. படகு வைத்திருப்பவருக்கும்தான்.

ஆனாலும் வைகையிடம் நீங்கள் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அதைப் பாலத்தில் நின்றே கற்கலாம். ஆற்றில் நல்ல ஓட்டம் இருக்கும் ஒரு நாள், மதுரையில் 1889இல் கட்டிய ஏ.வி. பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் அரைமணி நேரம் நில்லுங்கள். ஓட்டம் வந்து தூணில் மோதும் பக்கத்தில் தண்ணீர் மெத்தை மாதிரி மேடாக எழும்பும். தூணுக்குப் பின்னால் பாருங்கள், அங்கே கொஞ்சம் தண்ணீர் சும்மா நிற்கும், அல்லது ஓட்டத்துக்கு எதிராக மெதுவாக மேல்நோக்கியே ஓடும். ஒரு காய்ந்த சருகு அதற்குள் போனால் வெளியே வராமல் வட்டமடிக்கும். கேனோக்காரர்கள் எடி என்று சொல்வது இதைத்தான், நான் ஒதுக்குத் தண்ணீர் என்கிறேன். கீழே ஓடும் தண்ணீரும் மேலே ஏறும் தண்ணீரும் உரசிக்கொள்ளும் இடத்தில் ஒரு கோடு தெரியும், சின்னச் சின்னச் சுழிகள் கிளம்பும். பாறை ஆற்றில் நீங்கள் தங்கி மூச்சு வாங்கும் திண்ணை அந்த ஒதுக்குத் தண்ணீர். படகு கவிழ்வது பெரும்பாலும் அந்தக் கோட்டில்.

சரி, இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன்.

கயாக் எனும் ஒடுக்கமான துடுப்புப் படகுக்கு மேல்மூடி உண்டு. அலை தலைக்கு மேல் போனாலும் தண்ணீர் வழிந்துவிடும். உங்கள் கேனோ ஒரு திறந்த தொட்டி. இரண்டு அலை உள்ளே வந்தால் நூறு லிட்டர், அதாவது நூறு கிலோ. அந்த நூறு கிலோ ஓரிடத்தில் இருக்காது. படகு சாயும் பக்கமெல்லாம் ஓடிச் சாய்வைக் கூட்டும். ஆகவே கயாக்காரர் மாதிரி வேகமெடுத்து அலையைக் கிழித்துக்கொண்டு போகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது. பயத்தில் கை வேகமாக ஓடும், படகு ஓட்டத்தைவிட வேகமாகப் போகும், மூக்கு அலைக்குள் குத்தி ஒரு வாளித் தண்ணீரை அள்ளிக்கொள்ளும். மூடியில்லாத படகின் வித்தை ஆற்றைவிட மெதுவாகப் போவதில் இருக்கிறது. பின்துடுப்புப் போட்டு, அதாவது படகு பின்னால் போகும்படி துடுப்பை எதிர்த்திசையில் தள்ளி, வேகத்தைக் குறைத்தால் மூக்கு அலை மேல் ஏற நேரம் கிடைக்கும். அலையை நேருக்கு நேர் எதிர்கொள்ளாமல் சற்றே கோணலாக ஏறினால் இன்னும் உலர்ந்தே போகலாம். முன்னால் இருப்பவர் ஓரடி பின்னுக்கு நகர்ந்து மண்டியிட்டால் மூக்கு லேசாகும். அலை வரிசையின் நடுவைவிட ஓரம் பெரும்பாலும் தாழ்வாக இருக்கும், அந்த ஓரத்தைப் பிடியுங்கள்.

மெதுவாகப் போவதில் இன்னொரு லாபம், பக்கவாட்டில் நகர முடியும். எதிரே பாறை வருகிறது, நீங்கள் வலப்பக்கம் போக வேண்டும் என்று வையுங்கள். மூக்கை வலப்பக்கம் திருப்பி வேகமாகத் துழாவினால் படகு குறுக்காகத் திரும்பி அகலவாட்டில் பாறையில் போய் அறையும். அதற்குப் பதிலாகப் படகின் வாலை வலக்கரைப் பக்கம் கொஞ்சமாகத் திருப்பி இரண்டு பேரும் பின்துடுப்புப் போடுங்கள். ஆறு படகைத் தானாக வலப்பக்கம் நகர்த்திக் கொடுக்கும். அதிகம் திருப்ப வேண்டாம், கடிகார முள் பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்கு நகரும் அளவு போதும். இது கைக்கு வர நாளாகும். ஆனால் இது ஒன்று வந்துவிட்டால் பாதி ஆறு வந்த மாதிரி.

வழியைத் தேர்வது பற்றி. இரண்டு பாறைக்கு நடுவே ஓட்டம் குவியும்போது, வழவழப்பான நாக்கு ஒன்று உங்களிடமிருந்து விலகிக் கீழ்நோக்கிக் கூர்ந்து போகும். அது பாதை. அந்தக் கூர்முனை உங்களைப் பார்த்து இருந்தால் அங்கே முங்கிய பாறை இருக்கிறது. படகிலிருந்து முழுப் பாதையும் தெரியவில்லையா, கரையேறி நடந்து போய்ப் பாருங்கள். பார்த்தபின் மனம் ஒப்பவில்லை என்றால் படகைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடங்கள். நான் மதிக்கும் துடுப்புக்காரர்கள் எல்லோரும் நிறைய நடந்தவர்கள்.

ஒதுக்குத் தண்ணீருக்குள் நுழையும்போது படகை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதில்தான் எல்லோருக்கும் குழப்பம். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் பைக் ஓட்டியிருக்கிறீர்கள் அல்லவா? கொண்டை ஊசி வளைவில் வண்டியை எந்தப் பக்கம் சாய்ப்பீர்களோ, அதே. வளைவின் உட்புறம். ஒதுக்குக்குள் நுழையும்போது ஆறு வரும் மேல்பக்கம் சாய்வு, அங்கிருந்து ஓட்டத்துக்குள் வெளியேறும்போது ஆறு போகும் கீழ்ப்பக்கம் சாய்வு. உடம்பை வெளியே நீட்டிச் சாய்க்காதீர்கள். தலை படகின் நடுவிலேயே இருக்கட்டும், மண்டியிட்ட ஒரு முழங்காலில் பாரத்தைக் கூட்டினாலே படகு சாயும். பலகையில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்ய முடியாது. பாறை ஆற்றில் இரண்டு முழங்காலும் படகின் தரையில்தான், அடியில் தடித்த ரப்பர் மெத்தையோடு.

இனி, என் மனதில் இன்னமும் இருக்கும் ஒரு விஷயம். கோழிக்கோட்டு மலையடிவாரத்தில் ஒரு மழைக்காலத்தில் என் படகு அகலவாட்டில் ஒரு பாறையில் போய் உட்கார்ந்தது. பாறை பயமுறுத்தியதால் அதிலிருந்து விலகி, தண்ணீர் வரும் பக்கமாகச் சாய்ந்தேன். அடுத்த நொடி மேல்பக்க விளிம்பு முங்கியது, ஆறு முழுக்கப் படகுக்குள் வந்தது, படகு பாறையைச் சுற்றி அட்டைப்பெட்டி போல மடிந்தது. நான் பிழைத்தது, படகுக்கும் பாறைக்கும் நடுவில் என் கால் இல்லாததால். பாறையில் மோதப் போகிறீர்கள் என்று தெரிந்தால் பாறையின் பக்கம் சாயுங்கள், அதைக் கட்டிப்பிடியுங்கள். உடம்பு மறுக்கும். அதனால் இதை வீட்டுத் தரையில் மண்டியிட்டு, சுவரைப் பாறையாக வைத்து, மச்சான் ‘பாறை’ என்று கத்தும்போதெல்லாம் சுவர்ப் பக்கம் சாய்ந்து பழகுங்கள். நூறு முறை செய்தாலும் அதிகமில்லை.

கவிழ்ந்தால் முதல் வேலை படகுக்கு மேல்பக்கம், அதாவது தண்ணீர் வரும் பக்கம், வந்துவிடுவது. தண்ணீர் நிறைந்த படகு அரை டன் எடையோடு உங்களைத் துரத்தக் கூடாது. மல்லாந்து, கால்கள் ஆறு போகும் திசையில், பாதங்கள் தண்ணீருக்கு மேலே தெரியும்படி மிதந்து கரைப்பக்கம் ஒதுங்குங்கள். எழுந்து நிற்க முயலவே வேண்டாம். முழங்கால் ஆழத்துக்கு மேல் வேகமாக ஓடும் ஆற்றில் நின்றால், பாதம் கல்லிடுக்கில் மாட்டும், ஓட்டம் உடம்பைக் குப்புறத் தள்ளும், அந்த நிலையில் தலையைத் தூக்க முடியாது. முள்மரத்தை நோக்கிப் போகிறீர்கள் என்றால் மட்டும் குப்புறப் புரண்டு தலை முன்னே நீந்தி, மரத்தின் மேல் ஏறிவிடப் பாருங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் கமலைக் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர்கள், அந்தத் தைரியம் நல்லதுதான். ஆனால் கிணற்றுத் தண்ணீர் நம்மைத் தேடி வராது. அதனால் நீச்சல் தெரியும் என்று யாரும் மிதவைச் சட்டையைக் கழற்றக் கூடாது. வாரை இறுக்கியபின் தோளைப் பிடித்து மேலே தூக்கினால் சட்டை தாடைக்கு ஏறக் கூடாது, அதுதான் சரியான அளவு. பைக் ஹெல்மெட் வேண்டாம், உள்ளிருக்கும் பஞ்சு தண்ணீர் குடித்துக் கழுத்தை இழுக்கும். ஆற்றுக்கென்றே செய்த ஹெல்மெட் வாங்குங்கள்.

படகுக்கு அவசியமான செலவு காற்றுப் பைகள். மூக்குப் பக்கம் ஒன்று, வால் பக்கம் ஒன்று, முடிந்தால் நடுவிலும் ஒன்று. பை அடைத்துக்கொண்ட இடத்தில் தண்ணீர் நிற்க முடியாது என்பதுதான் தத்துவம். மேலே கயிற்றுப் பின்னல் போட்டு இறுக்காவிட்டால் முங்கியவுடன் பை பிதுங்கி வெளியே வந்துவிடும். ஐந்து லிட்டர் எண்ணெய் கேனின் அடியைச் சாய்வாக வெட்டினால் நல்ல இறைப்பான் கிடைக்கும், அதைச் சின்னக் கயிற்றில் கட்டுங்கள். நீளக் கயிறு எதுவும் படகுக்குள் அவிழ்ந்து கிடக்கக் கூடாது, காலில் சுற்றும். கரையில் நிற்பவரிடம் இருபது மீட்டர் வீசுகயிறு இருக்கட்டும். அவரும் அதைத் தன் உடம்பில் கட்டிக்கொள்ளக் கூடாது.

கோழிக்கோடு பற்றி. கோடஞ்சேரி, துஷாரகிரி பக்கத்துச் சாலிப்புழையும் இருவஞ்சிப்புழையும் தென்மேற்குப் பருவமழையில் உயிர்பெறும் ஆறுகள். மலபார் ஆற்றுத் திருவிழாவுக்காக வெளிநாட்டுக் கயாக்காரர்களே அங்கு வருகிறார்கள். மலையில் ஒரு மணி நேரம் மழை பெய்தால் ஆறு சட்டென்று ஏறும், சுருளியிலும் கும்பக்கரையிலும் நீங்கள் பார்த்ததுதான். தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் உடனே கரையேறுங்கள். பாறை ஆறுகளை ஒன்றிலிருந்து ஆறு வரை தரம் பிரிப்பார்கள். எட்டு மாதக் கண்மாய்ப் பழக்கத்தோடு இந்த ஜூலையில் இரண்டாம் தரத்துக்கு மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து. மூன்றாம் தரம் அடுத்த ஆண்டு, அதுவும் ஆறு தெரிந்த கயாக்காரர்கள் முன்னும் பின்னும் வர. இரண்டு பேர் மட்டும் தனியாக இறங்காதீர்கள்.

அதுவரை உங்கள் கண்மாயிலேயே வேலை நிறைய இருக்கிறது. மார்பளவுத் தண்ணீரில் படகை வேண்டுமென்றே கவிழ்த்து, விளிம்பு வரை நிரப்பி, அதைத் துடுப்பால் கரைக்குக் கொண்டுவந்து பாருங்கள். காற்றுப் பை இல்லாமல் ஒருமுறை, பை கட்டி ஒருமுறை. அப்புறம் இரண்டு குச்சிகளை நட்டு, அவற்றுக்கு நடுவே பின்துடுப்பு மட்டும் போட்டு நேராகப் பின்னால் போய் வாருங்கள். குச்சியில் இடிக்காமல் இருபது முறை போய்வர முடிந்த பிறகு கோழிக்கோட்டுக்கு நாள் குறிக்கலாம்.