வாசகர் கேள்வி – பதில்: ஒரே ஃபேர்பிரைஸ், எத்தனை வகைக் கடைகள்!

கேள்வி: சிங்கப்பூரின் ஃபேர்பிரைஸ் பேரங்காடி தொழிற்சங்கத்துக்குச் சொந்தமானது என்கிறார்கள். தொழிற்சங்கம் எதற்காக அரிசியும் எண்ணெயும் விற்க வந்தது?
– வாசகர், ஈசூன்

பதில்: விலைவாசிதான் காரணம். சம்பள உயர்வு கேட்பதோடு நின்றுவிடாமல், வாங்கும் சம்பளத்தின் மதிப்பு கரையாமலும் பார்த்துக்கொள்ளவேண்டும் என்ற எண்ணம், தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் (என்டியுசி) 1969இல் நடத்திய கருத்தரங்கில் வலுப்பெற்றது. அதன் விளைவாகவே கூட்டுறவு அமைப்புகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. 1970இல் காப்புறுதிக்காக 'இன்கம்' வந்தது. 1973 ஜூலையில் தோ பாயோவில் 'என்டியுசி வெல்கம்' பேரங்காடியை அன்றைய பிரதமர் லீ குவான் இயூ திறந்துவைத்தார். அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை அதே ஆண்டு அக்டோபரில்தான் வந்தது என்றாலும், விலையேற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1973, 1974 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விலைவாசி ஆண்டுக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு உயர்ந்தது. அத்தகைய காலத்தில் சரக்கைப் பதுக்கி விலையேற்ற நினைக்கும் வணிகருக்கு, அடுத்த புளோக்கிலேயே நியாய விலைக்கு அரிசி விற்கும் கடை ஒன்று இருப்பது எந்தச் சட்டத்தையும்விடப் பெரிய தடை என்பது என் கருத்து.

வேறு தொழிற்சங்கங்கள் தொடங்கிய கடைகள் சிங்கப்பூர் ஊழியர் கூட்டுறவுச் சங்கத்தின்கீழ் இயங்கிவந்தன. 1983இல் அந்தச் சங்கமும் வெல்கமும் இணைந்ததில் பிறந்ததே இன்றைய ஃபேர்பிரைஸ். ஒரே தொழிலாளர் இயக்கத்தின் இரண்டு அமைப்புகள் ஒன்றோடொன்று போட்டியிடுவதைவிட, ஒன்றாகச் சேர்ந்து மொத்தமாகக் கொள்முதல் செய்வது மலிவு என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

கேள்வி: ஃபைனஸ்ட், எக்ஸ்ட்ரா, எக்ஸ்பிரஸ், சியர்ஸ் என்று இத்தனை வகைக் கடைகள் எதற்கு? ஃபைனஸ்டில் அதே பொருளைக் கூடுதல் விலைக்கு விற்கிறார்களா?
– வாசகர், செங்காங்

பதில்: பலருக்கும் உள்ள ஐயம் இது. பேரங்காடிகளைப் பொறுத்தவரை, ஒரே பொருளுக்குப் பொதுவாக எல்லாக் கிளைகளிலும் ஒரே விலைதான். வேறுபாடு அடுக்குகளில் என்ன நிற்கிறது என்பதில் இருக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள சாதாரணக் கிளையில் பத்துக் கிலோ அரிசி மூட்டைகளும், நிறுவனத்தின் சொந்தப் பெயரில் வரும் எண்ணெயும் மெல்லிழைத்தாளும் கண்ணில் படும்படி இருக்கும். 2007இல் புக்கிட் தீமா பிளாசாவில் தொடங்கிய ஃபைனஸ்டில் அதே இடத்தைப் பாலாடைக்கட்டி வகைகளும், வைனும், இயற்கை வேளாண் காய்கறிகளும் பிடித்துக்கொள்கின்றன. வசதியுள்ள வாடிக்கையாளரை அங்கே இழுத்து, அதில் கிடைக்கும் வருவாயைக் கொண்டு அடிப்படைப் பொருள்களின் விலையைத் தாங்குவது கூட்டுறவு அமைப்புக்கு முரணானதல்ல. தனியார் கடைகளிடம் போகவிருந்த பணம் இங்கே வருகிறது, அவ்வளவுதான்.

சியர்ஸும், எஸ்ஸோ பெட்ரோல் நிலையங்களில் உள்ள எக்ஸ்பிரஸும் கணக்கில் வேறு. நள்ளிரவில் ஒரு ரொட்டியும் ஒரு பால் புட்டியும் வாங்க வருபவருக்காக நாள் முழுவதும் விளக்கெரிய வேண்டும், ஆள் நிற்க வேண்டும். அந்தச் செலவு விலையில் தெரியத்தான் செய்யும். மாதச் சாமான் வாங்க அங்கே போகாதீர்கள். இதற்கு நேர் எதிராக, 2014இல் ஜூ கூனில் திறக்கப்பட்ட கிடங்குக் கடையில் பொருள்கள் அட்டைப்பெட்டி கணக்கில் விற்பனைக்கு வந்தன.

கேள்வி: பிரான்சின் கார்ஃபோர் போன்ற உலகப் பெரும் பேரங்காடி நிறுவனமே சிங்கப்பூரை விட்டுப் போய்விட்டது. ஃபேர்பிரைஸ் எக்ஸ்ட்ரா மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: 1997இல் சன்டெக் சிட்டியில் கால் பதித்த கார்ஃபோர், 2012இல் வெளியேறியபோது அதனிடம் இருந்தவை இரண்டே கடைகள். கார்ஃபோரும் எக்ஸ்ட்ராவும் மிகப் பெரிய கடை என்ற வகையைச் சேர்ந்தவை. அது, வாரம் ஒருமுறை காரில் வந்து பின்பெட்டி நிறைய வாங்கிச் செல்லும் குடும்பங்களை நம்பி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்த முறை. கார் வாங்கும் உரிமைச் சான்றிதழுக்கே பெருந்தொகை கட்டவேண்டிய ஊரில், இரண்டு கைகளில் தூக்கக்கூடிய அளவுதான் பெரும்பாலோர் வாங்குகிறார்கள். இரண்டே கடைகளுக்காகக் கொள்முதலும் கிடங்கும் நடத்துவது கட்டுப்படியாகாது. தீவெங்கும் கிளைகள் உள்ள ஃபேர்பிரைஸுக்கோ அந்தச் செலவு ஏற்கெனவே பகிரப்பட்டுவிட்டது. தவிர, எக்ஸ்ட்ரா கடைகள் மக்கள் நடந்துவரும் வழியிலேயே இருக்கின்றன. அங் மோ கியோவில் எம்ஆர்டி நிலையத்துக்கு எதிரேயும், விவோசிட்டியில் ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்துக்கு மேலேயும் இருக்கின்றன. விவோசிட்டி கடை 2019இல் இரண்டு தளங்களில் ஏறத்தாழ 90,000 சதுர அடியில் திறக்கப்பட்டது. அதற்கு முன் அதே கடைத்தொகுதியில் ஜயன்ட் என்ற போட்டிப் பேரங்காடி இருந்தது.

ஆயினும் துணிமணி, மின்சாதனம் போன்றவற்றுக்கு இணைய வணிகம் கடும் போட்டியாகிவிட்ட நிலையில், இவ்வளவு பெரிய தளங்களைப் புதிதாக எடுக்க எந்த நிறுவனமும் இருமுறை யோசிக்கும்.