இடுக்கியும் வளரியும்

அன்புள்ள ஆச்சிக்கு,

மருது சகோதரர்கள் கிழக்கிந்தியக் கும்பினியை எதிர்த்து நடத்திய 1801 போரை வைத்து ஒரு தொடர்கதை எழுதி வருகிறேன். காளையார்கோவில் காட்டில் கும்பினிச் சிப்பாய் ஒருவன் நாயகனை மறிக்கிறான். அவன் துப்பாக்கியைத் தூக்குவதற்குள் நாயகன் கண்ணிமைக்கும் நேரத்தில் இடுப்பிலிருந்து வளரி என்ற வளைந்த எறிதடியை உருவி, மின்னல் வேகத்தில் வீசிச் சாய்த்துவிடுகிறான். நண்பர்கள் இதைப் படித்துவிட்டு, "கௌபாய்க்கு வேட்டி கட்டிவிட்டிருக்கிறாய்" என்கிறார்கள். காட்சியை எடுத்துவிடலாமா? நேருக்கு நேர் மோதலில் முதலில் துப்பாக்கியை உருவுகிறவன்தான் தோற்பான் என்றும் எங்கோ படித்தேன். உண்மையா?

— ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள தம்பி,

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தப் பேச்சை நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளர் தொடங்கிவைத்தார் என்பார்கள். கௌபாய் படங்களில் பின்னால் உருவுகிறவனே ஜெயிப்பதைப் பார்த்து, பொம்மைத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு சகாக்களோடு விளையாடியும் பார்த்தாராம். 2010இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். எதிராளியைப் பார்த்து அசைகிற கைக்குச் சுமார் 21 மில்லிநொடி வேகம் கூடுகிறது. ஆனால் அவன் அசைந்ததைக் கண்டு நம் கை கிளம்புவதற்கே 200 மில்லிநொடி போய்விடுகிறது. பின்னால் உருவினவன் செத்திருப்பான். அவ்வளவுதான்.

வேட்டி கட்டிய கௌபாய் என்ற கேலியையும் விடுங்கள். 1972லேயே ஜெய்சங்கரை வைத்து இயக்குநர் கர்ணன் 'கங்கா' என்ற கௌபாய்ப் படத்தை எடுத்துவிட்டார். நாங்கள் ஆசை ஆசையாகப் பார்த்தோம். இரவல் வாங்குவது குற்றமில்லை.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். "கண்ணிமைக்கும் நேரத்தில்" என்றும் "மின்னல் வேகத்தில்" என்றும் ஒரே மூச்சில் எழுதுகிறீர்கள். கைக்கு வந்த சொல்லைப் போட்டுவிட்டுப் போவதற்குப் பெயர் சோம்பல், தம்பி. கை வேகமாகப் போனது என்று நீங்கள் சொல்கிறீர்கள், சரி. வாசகன் எதைப் பார்த்தான்? இந்த விஷயம் பல வருஷமாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பதால்தான் உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

ஆயா வீடு, அதாவது பாட்டி வீடு, பள்ளத்தூரில். ஒரு தீபாவளிக்கு மறுநாள் இரவு, பொட்டு வெடித் துப்பாக்கியைப் பாவாடையில் செருகிக்கொண்டு, நானும் பெரியம்மா மகனும் வளவு முற்றத்தில் எதிரெதிரே நின்று யார் முதலில் உருவுவது என்று விளையாடிக்கொண்டிருந்தோம். அவன் இரண்டாம் கட்டு வாசல் நிலையில் கையை ஊன்றியிருந்தான். அந்தக் கைக்கு ஒரு சாண் மேலே கருந்தேள். நான்தான் முதலில் பார்த்தேன். எனக்குச் சத்தமே வரவில்லை. அடுப்படியிலிருந்து வந்த ஆயா, "அசங்காதே அப்பு" என்று மட்டும் சொன்னார்கள். கையில் சோற்றுப் பானை இறக்கும் இடுக்கி.

ஒரு முழத் தூரத்தில் வந்து நின்றார்கள். தேள் கொடுக்கைத் தூக்கி வைத்திருந்தது. ஆயா அடிக்கவில்லை. அரிக்கேன் விளக்கின் திரி படபடக்கிற சத்தம் கேட்டது. ஆயாவின் மேலுதட்டில் வியர்வை துளிர்த்திருந்தது. இடுக்கியின் இரண்டு நுனியும் கொஞ்சமாகத் திறந்திருந்தன, துளி நடுக்கம் இல்லை. தேள் கொடுக்கைத் தாழ்த்தி கொஞ்சம் நகர்ந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். பார்த்தால் தேள் இடுக்கியில் நெளிகிறது. இடுக்கி போனதை நான் பார்க்கவே இல்லை. ஐம்பது வருஷம் கழித்தும் எனக்கு நினைவிருப்பது அந்த வியர்வையும் திரிச் சத்தமும்தான்.

பிறகு பள்ளிக்கூடத்தில் இந்தக் குறளைப் படித்தபோது ஆயா முகம்தான் வந்தது.

கொக்கொக்க கூம்பும் பருவத்து மற்றதன்
குத்தொக்க சீர்த்த இடத்து

ஒடுங்கி நிற்கும்போதும் கொக்கு, குத்தும்போதும் கொக்கு. வள்ளுவர் நிற்பதைத்தான் முதலில் வைக்கிறார்.

நண்பர்கள் சொல்கிற கௌபாய் ஊருக்கே போவோம். 1865 ஜூலை 21, மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு. வைல்டு பில் ஹிக்காக், டேவிஸ் டட் என்ற இருவர் ஊர்ச் சதுக்கத்தில் சுட்டுக்கொண்டார்கள். சினிமாவில் வருவதுபோல் நேருக்கு நேர் நின்று சுட்டுக்கொண்டதாகப் பதிவான மோதல்கள் மிகச் சில, அவற்றில் ஒன்று இது. நடுவில் சுமார் 75 கெஜ தூரம். அத்தனை தூரத்தில் யார் கை முந்தியது என்பதற்கு என்ன மதிப்பு? குறிதான் பேசியது. டட்டின் குண்டு தவறியது, ஹிக்காக்கின் குண்டு தவறவில்லை. சீட்டாட்டக் கடனுக்காக டட் அவருடைய பாக்கெட் கடிகாரத்தை எடுத்துக்கொண்டிருந்தான். "இதை மாட்டிக்கொண்டு சதுக்கத்தில் நடப்பேன்" என்றான். "நடக்காதே" என்றார் இவர். மறுநாள் கடிகாரத்தோடு வந்துவிட்டான். கதை முழுக்க அந்தக் கடிகாரத்தில் இருக்கிறது. சுட்டது ஒரு நொடி.

இப்போது உங்கள் வளரி. அது உருவும் ஆயுதமே இல்லை, தம்பி. ஒரு முனை கனம், மறு முனை மெலிவு. மெலிந்த பக்கத்தைப் பிடித்துத் தோளுக்கு மேலே சுழற்றி எறிய வேண்டும். புதருக்குள் நின்று எப்படிச் சுழற்றுவான்? எதிரில் நிற்கும் சிப்பாயிடம் இருப்பதும் ஒற்றைக் குண்டுத் துப்பாக்கி. சுட்டுவிட்டால் மறுபடி வெடிமருந்தைப் போட்டுக் கிட்டிக்க வேண்டும். பழகிய கைக்கே நிமிடத்துக்கு மூன்று தடவைதான் முடியும். அந்த இருபது நொடியை ஒரே சொல்லில் கொன்றுவிட்டீர்கள். அந்த இருபது நொடியில் உங்கள் நாயகன் இடம் தேடி ஓட வேண்டாமா?

கர்னல் வெல்ஷ் என்ற கும்பினி அதிகாரியின் நினைவுக்குறிப்புகள் 1830இல் வெளிவந்தன. வேலெறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று அதில் எழுதுகிறார். தேர்ந்த கை நூறு கெஜத்துக்குள் குறி தவறாது என்றும் சொல்கிறார். அதே மனிதர் 1801இல் மருதுக்கு எதிரான படையில் வந்தார். அக்டோபர் 24 அன்று, நமக்குப் பக்கத்துத் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். கற்றுக்கொடுத்தவருக்கு எதிரே கற்றுக்கொண்டவர். இதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது. நம் மண்ணில் இப்படி ஒன்று கிடக்கும்போது உங்களுக்கு மின்னல் எதற்கு?

காட்சியை எடுக்க வேண்டாம். அந்தச் சிப்பாய்க்கும் உங்கள் நாயகன் தன் வீட்டுத் திண்ணையில் என்றோ வளரி பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கட்டும். வளரியை ஓங்கிய கை ஏன் நிற்கிறது என்பதை ஒரு பக்கம் எழுதுங்கள். வீசியதற்கு ஒரு வரி போதும். எழுதியதும் எனக்குத்தான் முதலில் அனுப்ப வேண்டும்.

காரைக்குடிப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். ஆயாவின் இடுக்கி என் அடுப்படியில்தான் இருக்கிறது. தூக்கிப் பாருங்கள், நல்ல கனம்.

அன்புடன்,
ஆச்சி