வளவில் ஒரு ஆபீஸ்

கேள்வி: செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் அப்பத்தா வீட்டிலிருந்தே சென்னை கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். முகப்பில் உள்ள வைஃபை இரண்டாம் கட்டுக்கு எட்டவில்லை. மீட்டிங்கில் மேனேஜர் முகம் பாதியிலேயே உறைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: அது வரமல்லவா, தம்பி! சரி, விஷயத்துக்கு வருவோம். வெயிலைத் தடுக்கக் கனமாகக் கட்டிய சுவர் சிக்னலையும் தடுக்கத்தான் செய்யும். அதற்காகத் துளை போட ஆள் கூப்பிடாதீர்கள். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு அது. பெயர்ந்தால் பழையபடி பூசித் தர இன்று கொத்தனார் கிடைப்பது கஷ்டம். ரூட்டரை வளவுப் பக்கம் மாற்றுங்கள். திறந்த முற்றம், சுற்றிலும் எட்டும். நீங்களும் தூணோரம் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உட்காரலாம், மத்தியானத்திலும் குளுகுளு என்றிருக்கும். மைக்கை மட்டும் அணைத்து வையுங்கள். பணியாரம் ஆறுகிறது என்று அப்பத்தா போடும் சத்தம் சென்னைக்கே கேட்கும்.