டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் இவ்வளவு பணக்கார ஐஸ் ஹாக்கி அணியாக இருந்தும் ஏன் கோப்பை வெல்ல முடியவில்லை? சம்பள உச்சவரம்புதான் காரணமா?

டொராண்டோவில் வசிக்கும் லீஃப்ஸ் ரசிகன் நான். என் பதில்: உச்சவரம்பைக் குறை சொல்ல முடியாது. அது எல்லா அணிக்கும் ஒன்றுதான். அதற்குள் பணத்தைப் பிரித்த விதத்தில்தான் நிர்வாகம் தவறியது.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். சம்பளத் தகராறில் 2004-05 சீசன் முழுவதும் ரத்தான பிறகு என்எச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) இந்த உச்சவரம்பைக் கொண்டு வந்தது. ஓர் அணி தன் வீரர்களுக்கு ஒரு சீசனில் மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பளத்தின் எல்லை இது. 2005-06ல் ஓர் அணிக்கு 3.9 கோடி டாலர், 2019-20ல் 8.15 கோடி. என்பிஏ கூடைப்பந்தில் உள்ளதுபோல் வரி கட்டிவிட்டு எல்லையைத் தாண்டும் வழி இங்கே இல்லை. ஐபிஎல் ஏலத்தில் எல்லா அணிக்கும் ஒரே பர்ஸ் இருப்பது போலத்தான். ஆனால் இங்கே மெகா ஏலம் வந்து எதையும் கலைத்துப் போடாது. ஏழெட்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அதைச் சுமந்தே ஆக வேண்டும்.

2018 ஜூலையில் ஜான் டவாரெஸை ஏழு வருடத்துக்கு, ஆண்டுக்கு 1.1 கோடி டாலர் கணக்கில் எடுத்தார்கள். அதைப் பார்த்த இளம் வீரர்கள் குறைந்த விலைக்குச் சம்மதிப்பார்களா? வில்லியம் நைலாண்டர் ஒப்பந்தம் போடாமல் டிசம்பர் 1 கடைசிக் கெடு வரை இழுத்தார். ஆஸ்டன் மேத்யூஸ் 1.16 கோடி, மிட்ச் மார்னர் கிட்டத்தட்ட 1.09 கோடி. 23 பேர் கொண்ட அணியில் நான்கு பேருக்கே பாதிப் பணம் போய்விட்டது. நால்வருமே முன்கள வீரர்கள் என்பதையும் கவனியுங்கள். தடுப்பாட்டத்துக்கும் கோல் காப்பாளருக்கும் மிச்சம் மீதிதான்.

இதே காலத்தில் போட்டி அணியான பாஸ்டன் என்ன செய்தது? பெர்ஜரான், மார்ஷண்ட், பாஸ்டர்நாக் மூவருக்கும் சேர்த்தே ஆண்டுக்கு 2 கோடிக்குள்தான். மேத்யூஸ், மார்னர் இருவருக்கு மட்டும் நாம் கொடுத்தது அதைவிட அதிகம். 2018, 2019, 2024 என மூன்று முறை, ஏழு ஆட்ட பிளே-ஆஃப் தொடரின் கடைசி ஆட்டத்தில் நம்மை வெளியேற்றியது இதே பாஸ்டன்.

பணத்தை மேலே குவித்ததால் நடுவில் இருந்தவர்களை இழந்தோம். பேட்ரிக் மார்லோவின் 62.5 லட்சம் டாலர் ஒப்பந்தத்தைக் கழற்றிவிட, 2019ல் கரோலினாவுக்கு முதல் சுற்று டிராஃப்ட் தேர்வையே (புதிய இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தத் தேர்வில் கரோலினா எடுத்தது முன்கள வீரர் சேத் ஜார்விஸை. ஆண்டுக்கு 45 லட்சத்துக்கு ஆடிய நாசெம் கட்ரியை அதே கோடையில் கொலராடோவுக்கு டிரேடு செய்தார்கள். (பிளே-ஆஃபில் இரண்டு வருடம் தொடர்ந்து அவர் தடை வாங்கியதும் ஒரு காரணம்தான்.) 2022ல் அவர் கொலராடோவுடன் கோப்பை வென்றார். எனக்கு மிகவும் வலித்தது ஸாக் ஹைமன் போனதுதான். மைதானத்தின் ஓரப் பலகையில் மோதி பக்கை (பந்துக்குப் பதில் ஆடும் ரப்பர் வட்டு) மீட்டுத் தரும் அப்படி ஒரு உழைப்பாளி வேறு யாரும் நம்மிடம் இல்லை. 2021ல் எட்மன்டன் அவரை ஆண்டுக்கு 55 லட்சத்துக்கு எடுத்தது. 2023-24ல் அங்கே 54 கோல் அடித்தார்.

நிர்வாகத்துக்குத் துரதிர்ஷ்டமும் இருந்தது, மறுக்கவில்லை. உச்சவரம்பு ஆண்டுதோறும் உயரும் என்ற எதிர்பார்ப்பில் போட்ட ஒப்பந்தங்கள் இவை. கொரோனா வந்து வருமானம் நின்றதும் மூன்று சீசன் அதே 8.15 கோடியில் உறைந்துவிட்டது. 2023-24ல்கூட 8.35 கோடிதான். ஆனால் அந்த அடி எல்லா அணிகளுக்கும் விழுந்தது. தாம்பா 2020, 2021 இரண்டிலும் கோப்பை வென்றதே!

உண்மையான வாய்ப்பு 2021 பிளே-ஆஃப் தொடரில் மான்ட்ரியாலிடம் 3-1 என்று முன்னிலையில் இருந்து தோற்றபோது வந்தது. அப்போதே நால்வரில் ஒருவரை டிரேடு செய்து நல்ல தடுப்பாட்டக்காரர்களை வாங்கியிருக்கலாம். பொது மேலாளர் கைல் டூபஸ் நால்வரையும் நம்பினார். 2023 மே மாதம் அவர் போனார். பிராட் ட்ரெலிவிங் வந்தார். ஜூலை 1 முதல் மார்னரின் அனுமதி இல்லாமல் அவரை எங்கும் அனுப்ப முடியாது என்ற ஷரத்து அமலுக்கு வந்தது. அப்புறம் நிர்வாகத்தின் கையில் என்ன இருக்கிறது? 2025ல் மார்னர் எட்டு வருட ஒப்பந்தத்தோடு வேகஸ் அணிக்குப் போனபோது பதிலுக்குக் கிடைத்தது நிகோலஸ் ராய் என்ற ஒரு வீரர் மட்டும்தான். அதே கோடையில் டவாரெஸ் ஆண்டுக்கு 44 லட்சத்துக்கும் சற்றுக் குறைவாக மறுபடி கையெழுத்திட்டார்.

2025-26ல் உச்சவரம்பு 9.55 கோடியாக உயர்ந்தது. இடம் கிடைத்திருக்கிறது. இந்த முறை அது நடுவரிசைக்கும் தடுப்பாட்டத்துக்கும் போக வேண்டும் என்பதே என் விருப்பம். மேத்யூஸின் ஒப்பந்தம் 2028ல் முடிகிறது. அவருடன் தொடர்வதா இல்லையா என்பதை அதற்கு ஒரு வருடம் முன்னதாகவே நிர்வாகம் தீர்மானித்தாக வேண்டும்.