தாத்தாவின் கூத்து நோட்டு

அக்கா, வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்கிறோமே, அந்தத் தெருக்கூத்துப் பாட்டுகளைத் தாத்தா ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். பாட்டு தமிழ், எழுத்து ஆங்கிலம். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டேன். மெட்ஸ் என்ற நூலகக் குறிப்பு முறைப்படி விவரம் எழுதினால் நூலகங்கள் சேர்த்துக்கொள்ள எளிது என்கிறார்கள். கையேட்டைத் திறந்தாலே தலை சுற்றுகிறது. எங்கே தொடங்குவது?

ஒரு வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அன்புள்ள தங்கைக்கு,

கையேட்டை மூடிவிட்டு நோட்டைத் திறந்து வையுங்கள்.

மெட்ஸ் என்பது ஓர் எக்ஸ்எம்எல் ஃபைல், அதாவது ஸ்கேன் செய்த பக்கங்களின் வரிசையையும் விவரத்தையும் குறிச்சொற்களுக்குள் எழுதி வைக்கும் டெக்ஸ்ட் ஃபைல். அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் அதைப் பராமரிக்கிறது. பரவலாகப் புழங்கும் அதன் முதல் பதிப்பில் 7 பகுதிகள். கட்டாயமானது ஒன்றுதான், கட்டமைப்பு வரைபடம். எந்தப் பக்கத்துக்குப் பின் எது, எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்று சொல்வது அதுதான். முதலில் அதைப் பழகுங்கள்.

டர்பனில் எங்கள் அப்பாவின் பஜனை நோட்டை ஸ்கேன் செய்தபோது, 14ஆம் பக்கத்துக்குப் பின் மடித்துச் செருகியிருந்த தாளைக் கடைசியில்தான் எடுத்தேன். ஃபைல் வரிசையில் அது கடைசிக்குப் போய்விட்டது. ஒரு பாட்டின் பின்பாதி அந்தத் தாளில்தான் இருந்தது! வரைபடத்தில் அதற்கு வரிசை எண் 15, 'மடித்த தாள்' என்று ஒரு பெயர். சரியாகிவிட்டது, ஃபைல் பெயரைத் தொடவே இல்லை. ஒன்று மட்டும் கவனம்: மெட்ஸுக்குள் ஃபைலுக்குத் தரும் அடையாளக் குறி எண்ணில் தொடங்கக் கூடாது. '014' பிழை காட்டும், 'ப014' போகும்.

அப்புறம் விவரிப்புப் பகுதி. அதற்குள் மோட்ஸ் வைத்து எழுதுங்கள்; தலைப்பு, ஆசிரியர், மொழி போன்ற விவரங்களைப் பதியும் இன்னொரு நூலக முறை அது. அதில் மொழிக்கு ஒரு குறி, எழுத்துக்கு ஒரு குறி என்று தனித்தனியாக இடம் உண்டு. மொழி தமிழ், எழுத்து ரோமன் (ஆங்கில எழுத்தைத்தான் அப்படிச் சொல்வது) என்று இரண்டையும் கட்டாயம் பதியுங்கள். ஆங்கிலம் என்று மட்டும் போட்டால் தமிழ்ப் பாட்டைத் தேடுகிறவர் கண்ணில் அந்த நோட்டு படவே படாது. 1860இல் இந்தியாவிலிருந்து இங்கே கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள், எழுத்து கைநழுவிய பிறகும் பாட்டை விடவில்லை. அதற்குச் சாட்சி உங்கள் கையில் இருக்கிறது தங்கை. பெயரும் அப்படித்தான்: அட்டையில் கோவெண்டர் என்றிருந்தால் அப்படியே எழுதி, கவுண்டர் என்ற வடிவத்தையும் சேருங்கள்.

நிர்வாகப் பகுதியில் ஸ்கேன் விவரமும் உரிமையும் வரும். உரிமைக்கு மாமா, சித்தப்பா எல்லோரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முதல் 10 பக்கத்துக்கு மென்பொருள் வேண்டாம், கையாலேயே எழுதி அனுப்புங்கள். உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா