டவர் கண்ணுக்குத் தெரிகிறது, வீட்டுக்குள் ஏன் பேச முடியவில்லை?

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. மாடியில் நின்றால் டவர் தெரிகிறது, உள்ளே வந்தால் பேச்சு அறுந்துபோகிறது. இன்னொரு டவர் கேட்டு மனு கொடுக்கலாமா?

நான் காரைக்குடிக்காரன், மொபைல் நெட்வொர்க் பிளானிங்தான் தொழில். மனு எழுதும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன பொங்கலுக்கு உங்கள் வீடு மாதிரியே ஒரு வீட்டில் போனை வைத்துக்கொண்டு அளந்து பார்த்தேன். திண்ணையில் மைனஸ் 82 டிபிஎம் (சிக்னலின் பலத்தை டெசிபலில் சொல்லும் அளவு; மைனஸுக்குப் பின் எண் கூடக் கூட சிக்னல் பலவீனம்). முகப்பைத் தாண்டி முற்றத்துத் தூணருகே மைனஸ் 95. வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில், ஓர் அறைக்குள் போய்த் தேக்குக் கதவைச் சாத்தினேன், மைனஸ் 116. பத்து டெசிபல் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கு. அப்படியானால் திண்ணைக்கு வந்ததில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட அந்த அறைக்குள் வரவில்லை. முற்றம் மட்டும் தப்பிக்கக் காரணம், ஓட்டு விளிம்பில் அலை வளைந்து உள்ளே இறங்குவதுதான். அந்த வீட்டு ஆச்சிக்கு இது எப்போதோ தெரியும். "இந்தத் தூணுக்கிட்ட நின்னாத்தான் தம்பி மகன் குரல் தெளிவாக் கேக்கும்" என்றார்.

ஒன்றரை அடிச் சுவரைத் தாண்ட 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை வேண்டும். 2300, 3500 வேகம் தரும், ஆனால் சுவரில் திணறும். அப்புறம், டவர் பத்து இருபது வாட்டில் பேசும். உங்கள் போனோ அதிகபட்சம் 0.2 வாட். எதிராளி பேசுவது உங்களுக்குக் கேட்கிறது, நீங்கள் பேசுவது அவருக்குப் போகவில்லை என்றால் கோளாறு உங்கள் போனிலிருந்து டவருக்குப் போகும் பக்கம்தான். திட்டமிடும்போது நாங்கள் பார்க்க வேண்டியது இந்தச் சின்னக் குரலைத்தான். பல இடங்களில் அதைப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

அடுத்தது ஆன்டெனாவின் சாய்வு. 40 மீட்டர் உயரத்தில் கீழ்நோக்கி 2 டிகிரி சாய்த்தால் அது வீசும் கற்றையின் நடுப்பகுதி ஏறக்குறைய 1,150 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். 6 டிகிரி என்றால் 380 மீட்டர். நம் ஊர் சமதளம், இடையில் கண்மாய். சாய்வு போதாத டவர் தன் ஊரைத் தாண்டிப் பக்கத்து ஊர் போன்களையும் இழுத்துக்கொள்ளும். இதில் இன்னொரு டவரும் வந்தால் ஒன்றின் பேச்சு மற்றதற்கு இரைச்சல். பல டவர்களில் ஆள் ஏறாமலே சாய்வை மாற்றலாம். அதனால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

சரி, கல்யாணத்தன்று நான்கு கோடும் நிறைந்திருக்க, ஒரு போட்டோகூடப் போகாதே, அது ஏன்? 20 மெகாஹெர்ட்ஸ் 4ஜி அலைவரிசையில் ஒரு நேரத்தில் பங்கு போட 100 துண்டுகள்தான். ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கும் தெருவில் அன்று பங்காளிகள் அத்தனை பேரும் கூடிவிடுகிறார்கள். அதிலும் உள்ளறையில் இருப்பவரின் போன், அதே போட்டோவை அனுப்ப, வாசலில் நிற்பவரைப் போலப் பல மடங்கு துண்டுகளைத் தின்னும். ஆகவே சுவருக்குள் சிக்னலைச் சேர்த்தாலே பந்தலில் இருப்பவர்களுக்கும் வேகம் கூடும். கூட்டத்துக்கென வைத்த கூடுதல் அலைவரிசையைக் கூட்டமில்லாத நாளில் தூங்க வைத்தால் கரண்டும் மிச்சம்.

டவருக்குப் பேட்டரியும், இரண்டு வழியாக வரும் ஃபைபர் கேபிளும் இல்லாவிட்டால் இத்தனையும் வீண். ஒரே கேபிள் என்றால், ரோடு தோண்டும் ஜேசிபி ஒரு வெட்டு வெட்டினால் ஊரே ஊமை.

இப்போதைக்கு வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் ரூட்டரை வளவில் வைத்து, போனில் வைஃபை காலிங்கைப் போடுங்கள், பேச்சு டவருக்குப் பதில் வைஃபை வழியே போகும். கடையில் விற்கும் சிக்னல் பூஸ்டரை வாங்காதீர்கள்; அனுமதியின்றி வைப்பது சட்டப்படி குற்றம், டவரின் காதிலும் இரைச்சலைக் கொட்டும். மனுவில் டவர் கேட்காமல், எந்த அறை, எத்தனை மணி, போன் காட்டும் டிபிஎம் எவ்வளவு, யார் குரல் யாருக்குக் கேட்கவில்லை என்று எழுதுங்கள். அதை வைத்துத்தான் எங்களால் சாய்வைத் திருத்த முடியும்.