பர்ஜெஸின் வளைய மாதிரி சென்னைக்குப் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாது. நகரம் எப்படி வளர்கிறது என்பதை விளக்க, 1925இல் சமூகவியலாளர் பர்ஜெஸ் சிகாகோவை வைத்து உருவாக்கிய மாதிரி அது: நடுவில் வணிகம், சுற்றிலும் தொழிற்கூடங்களும் நெருக்கடியான குடியிருப்புகளும், வெளியே போகப் போக வசதியானவர்களின் வீடுகள். சென்னைக்குக் கிழக்கே கடல். பாதி வளையம் அங்கேயே அறுந்துவிடுகிறது.

அதைவிட முக்கியமான காரணம், இந்த நகரம் ஒரே புள்ளியிலிருந்து பரவவில்லை. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் கிடைத்துக் கோட்டை எழுவதற்கு வெகுகாலம் முன்பே மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் கோயிலும் குளமும் கடைத்தெருவுமாக வாழ்ந்த ஊர்கள். நகரம் வளர்ந்து அவற்றைச் சேர்த்துக்கொண்டது, ஆனால் மாடவீதிகளின் வியாபாரம் இன்றும் தன் போக்கில்தான் நடக்கிறது. எனவே 1945இல் புவியியலாளர்கள் ஹாரிஸும் உல்மனும் சொன்ன, நகரம் பல மையங்களைச் சுற்றி வளர்கிறது என்னும் பல மைய மாதிரியே எனக்குச் சரியாகப் படுகிறது.

வளர்ச்சியின் திசையைப் போக்குவரத்து தீர்மானித்தது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. குடியிருப்புகள் தண்டவாளத்தை ஒட்டி நீண்டன. 2000இல் டைடல் பார்க் என்ற தகவல் தொழில்நுட்ப வளாகம் வந்தபின் பழைய மகாபலிபுரம் சாலை இன்னொரு மையமானது.

பாடங்களில் அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு: நீர்நிலம். தி.நகர் 1920களில் ஏரிப்படுகையில் உருவானது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியும் கட்டடங்களுக்குப் போய்விட்டது. மழைநீர் எங்கே தேங்குகிறது என்பதற்கான விடை இந்த வரலாற்றில்தான் இருக்கிறது.